ஜிப்ரெல்லின்: பூஞ்சையிலா, பால்பிடித்த கோதுமையிலா?

கடலூரில் எம்.எஸ்சி. படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, புராஜெக்டுக்கு ஜிப்ரெல்லினை எதிலிருந்து பிரிக்கட்டும்?"

ஜிப்ரெல்லின் என்பது செடியை நீளச் செய்யும் வளர்ச்சி ஹார்மோன்; பூஞ்சையிலும் கிடைக்கும், பால்பிடித்த கோதுமை மணியிலும் கிடைக்கும். பூஞ்சை என்றால் நம் வயலுக்குத் தெரிந்த ஆள்தான். பக்கானே நோய் வந்த நெல் நாற்று மற்றவற்றை விட ஒரு சாண் உயர்ந்து, வெளிறி, நோஞ்சானாக நிற்குமே, அந்த வேலையைச் செய்வது ஃபியூசேரியம். அது வளர்ந்த திரவத்தை மட்டும் ஊற்றினாலே நாற்று நீள்கிறது என்று 1926இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா காட்டினார். குடுவையில் நைட்ரஜன் தீரும்போதுதான் பூஞ்சை ஜிப்ரெல்லினைச் சுரக்கத் தொடங்கும், அதுவும் தாராளமாக. வடிகட்டி, அமிலமாக்கி, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் இறக்கினால் பாதி வேலை முடிந்தது.

கோதுமை அப்படியல்ல. பூத்த நாளிலிருந்து கணக்கு வைத்து, நசுக்கினால் பால் வரும் பருவத்தில் மணியைப் பறித்து, உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். கிடைப்பதோ கிராமுக்கு நானோகிராம் அளவு. மிக நுண்ணிய அளவையும் பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். போன்ற கருவி இல்லாமல் கண்ணில் படாது. போதாததற்குக் கடலூர் வெக்கையில் கோதுமை எங்கே விளைகிறது? (தொட்டியில் நட்டுப் பார்த்தேன், கதிர் வந்தது, மணி சூம்பிப்போனது.)

ஆனாலும் சுவாரசியம் கோதுமையில்தான். பூஞ்சைக்கு ஜிப்ரெல்லின் இல்லாமலும் வளரத் தெரியும். பயிருக்கு அது வளர்ச்சிக்கான கட்டளை. இரண்டும் ஒரே பொருளை வெவ்வேறு நொதிகளால் செய்கின்றன.

ஆறு மாத புராஜெக்டுக்குப் பூஞ்சையே போதும் என்றேன். கோதுமையைப் பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளட்டும்.