பிஎஸ்4-ஐ மானிட்டரில் மாட்டப் போகிறீர்களா? ‘ஜீரோ லேக்’ ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய், “பிளேஸ்டேஷனை கம்ப்யூட்டர் மானிட்டர்ல மாட்ட என்ன வேணும்?” என்று கேட்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்க் கேபிளில் முடிய வேண்டிய வேலைக்கு என்னிடம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கறந்தார்கள். கறந்த பிறகும் விளையாட முடியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கடைப் பெயரை நான் போடவில்லை. ‘ஜீரோ லேக்’, அதாவது தாமதமே இல்லை, என்று ஸ்டிக்கர் ஒட்டிய அதே சரக்கு அந்தத் தெருவிலும் ஒட்டிய சந்துகளிலும் எத்தனையோ கண்ணாடிப் பெட்டிகளில் தொங்குகிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஒரு கடைக்குப் போகாமல் இருந்தால் தப்பிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு டிவி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அம்மாவுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை. என் அறையில் பழைய 22 இன்ச் மானிட்டர் ஒன்று சும்மா கிடந்தது. 1920×1080, நல்ல படம், ஆனால் பின்னால் இரண்டே போர்ட்: நீல நிற விஜிஏ, அதன் பக்கத்தில் வெள்ளை நிற டிவிஐ. படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் எச்டிஎம்ஐ போர்ட் கிடையாது. பிஎஸ்4 என்கிற பிளேஸ்டேஷன் 4-லிருந்து படம் வெளியே வர எச்டிஎம்ஐ தவிர வேறு வழி இல்லை. அதனால் மானிட்டரின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தம்பி, இந்த வெள்ளை போர்ட்லாம் இப்ப வேஸ்ட். அதுக்கு கேபிளே வர்றதில்ல. லேப்டாப் இருக்குல்ல?”

இருக்கிறது என்றேன்.

“அப்ப மானிட்டரே வேணாம். இந்த ஸ்டிக்க லேப்டாப்ல சொருகுங்க, பிஎஸ்4 ஒயர இதுல சொருகுங்க. லேப்டாப்பே மானிட்டர் ஆயிடும். ஃபோர்கே, யூஎஸ்பி த்ரீ, ஜீரோ லேக்.”

“லேப்டாப்லயே எச்டிஎம்ஐ இருக்கேண்ணே, நேரா அதுல மாட்டினா?”

“அது அவுட்டு தம்பி. உள்ள வாங்காது.”

அன்றைக்கு அவர் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. மிக அரிதான சில மாடல்களைத் தவிர, லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டும்தான். இதைச் சரியாகச் சொன்னதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்பினேன். அந்த ஸ்டிக்குக்கு ‘கேப்சர் ஸ்டிக்’ என்று பெயர், வெளியிலிருந்து வரும் படத்தை லேப்டாப்புக்குள் வாங்கிக் கொடுக்கும். 1,900 ரூபாய், ஜிபே பண்ணிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாட்டினால் படம் வந்தது, சத்தமும் வந்தது. மெனுவில் மேலும் கீழும் போகும்போதே ஏதோ ஒட்டாத மாதிரி இருந்தது. கிரிக்கெட் கேமைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. பந்து ஸ்டம்பில் பட்ட பிறகு பேட் சுற்றுகிறது. அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, நீ லேட்டா அமுக்குற” என்று சிரித்தான். கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். அவனும் வரிசையாக போல்ட் ஆனான்.

சரி, எவ்வளவு தாமதம் என்று பார்த்துவிடுவோம் என்று செல்போனை ஸ்லோ மோஷனில் வைத்தேன். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். கன்ட்ரோலரும் திரையும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்க வேண்டும். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கட்டைவிரல் இறங்கியதிலிருந்து திரையில் அசைவு தெரியும் வரை எண்ண வேண்டும். ஸ்டிக் வழியாக ஐம்பது ஃபிரேமைத் தாண்டியது, அதாவது 200 மில்லி விநாடிக்கு மேல். அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் அதே கேமை டிவியில் கேம் மோடில் (படத்தை மெருகேற்றிக்கொண்டிருக்காமல் சட்டென்று காட்டும் செட்டிங்) போட்டு எண்ணினேன். இருபது சொச்சம்தான். கன்ட்ரோலரும் கேமும் எப்படியும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அது எந்தத் திரையிலும் போகாது. ஆனால் நடுவில் ஏறிய 120 மில்லி விநாடி முழுக்க அந்த ஸ்டிக்கின் வேலை. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். அதில் கால்வாசியை ஸ்டிக் விழுங்கிவிட்டால் யார் ஆடினாலும் போல்ட்தான்.

ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1920×1080 படத்தை விநாடிக்கு 60 தடவை, ஒரு புள்ளிக்கு 24 பிட் வீதம் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் வரும். யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே 480 மெகாபிட். அதில் இது எப்படிப் போகும்? போகாது. அதனால் ஸ்டிக் ஒவ்வொரு படத்தையும் சுருக்குகிறது, லேப்டாப் அதை விரிக்கிறது, ஓபிஎஸ் மாதிரியான ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கொஞ்சம் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு இடத்திலும் சில மில்லி விநாடி போகிறது. விளையாட்டை ரெக்கார்ட் பண்ண, யூடியூபில் போட, இது போதும். அதற்காகச் செய்யப்பட்ட சாமான்தான் இது. அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவதற்கு இல்லை.

“ஆனால் இது யூஎஸ்பி 3 ஆச்சே, உள்ளே நீலமாக இருக்கிறதே” என்று நானும் பார்த்தேன். செல்போன் டார்ச்சை அடித்து முனைக்குள் பார்த்தால், நீல பிளாஸ்டிக்கின் மேல் நான்கே நான்கு செம்புக் கோடுகள். நிஜமான யூஎஸ்பி 3 முனையில் அந்த நான்குக்குப் பின்னால், உள்ளே தள்ளி, இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகள் இருக்கும். இதில் அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. நீலச் சாயம் மட்டும்தான் மூன்று, உள்ளே இருப்பது இரண்டு. ‘ஃபோர்கே’ என்று போட்டிருப்பதும் அப்படித்தான்: ஃபோர்கே சிக்னலை உள்ளே வாங்கும், லேப்டாப்புக்குக் கொடுப்பது 1080, அதுவும் விநாடிக்கு 30 படம். பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் அதை அச்சடித்தும் இருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “உங்க வீட்டு நெட்டு ஸ்லோவா இருக்கும் தம்பி” என்றார். நெட்டையே ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஆடினேன் என்றேன். “அப்ப லேப்டாப்புல ரேம் பத்தாது.” ஸ்லோ மோஷன் வீடியோவைக் காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. கடைப் பையனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் பெட்டி, தனி அடாப்டர், மேலே ‘கேமிங்’, ‘ஜீரோ லேக்’, ‘1 எம்எஸ்’ என்று மூன்று ஸ்டிக்கர். “உங்க பழைய மானிட்டருக்கு இதான் கரெக்டு.” 2,600 ரூபாய். ஸ்டிக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம், பேக்கிங் பிரித்தாகிவிட்டதாம். பெட்டி சரியில்லை என்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் தருவதாக வாயால் சொன்னார்.

அந்த 1 எம்எஸ் பற்றி ஒரு வார்த்தை. மானிட்டர் அட்டைப்பெட்டிகளில் பெரிதாகப் போட்டிருக்கும் 1 எம்எஸ் என்பது ஒரு பிக்சல் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம். சிக்னல் உள்ளே வந்ததிலிருந்து திரையில் தெரியும் வரை ஆகும் தாமதம் வேறு கணக்கு, அதைப் பெரும்பாலும் யாரும் அட்டையில் போடுவதே இல்லை. 1 எம்எஸ் மானிட்டரிலும் தாமதம் இருக்கலாம். மானிட்டருக்கே இந்தக் கதை. இந்தப் பெட்டியிலோ பிக்சலே கிடையாது, எது 1 எம்எஸ்ஸில் மாறுகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டினவரைத்தான் கேட்க வேண்டும்.

பெட்டியை மாட்டினேன். ஸ்டிக்கைவிடத் தேவலை, ஆனால் தாமதம் போகவில்லை. உள்ளே வரும் படத்தை நிறுத்தி வைத்து, அளவு மாற்றி, பிறகு அனுப்பும் வகை அது. 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படம் வரும்போது, ஒரு படத்தை நிறுத்தி வைத்தாலே 16.7 மில்லி விநாடி போச்சு. இது ஒன்றோடு நிறுத்துவதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு எழுத்துக்கெல்லாம் வலப்பக்கம் மங்கலாக ஒரு நிழல்.

மறுபடி போனபோது அவர் பேச்சு புது மானிட்டருக்குத் தாவியது. 144 ஹெர்ட்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமாம். பிஎஸ்4 அனுப்புவதே அதிகபட்சம் 60. மீதி 84-ஐ வைத்துக்கொண்டு பிஎஸ்4-காரர் என்ன செய்வது? வாயால் சொன்ன பணம் வாயோடு போனது.

வேலை முடிந்தது எப்படி என்றால், நாலு கடை தள்ளி ஒரு சின்னக் கேபிள் கடையில், வேஸ்ட் என்று சொல்லப்பட்ட அந்த வெள்ளை போர்ட்டைக் காட்டினேன். பெரியவர் தலையைக்கூட முழுக்க நிமிர்த்தவில்லை. “எச்டிஎம்ஐ டு டிவிஐ. ஒன்றரை மீட்டர் போதுமா?” 280 ரூபாய். பில்லும் கொடுத்தார்.

டிவிஐயும் எச்டிஎம்ஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றேதான். கேபிளில் மின்சுற்று எதுவும் இல்லை, பின்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எந்த இடத்திலும் படம் நின்று போவதில்லை என்பதால் கேபிளால் தாமதம் என்ற பேச்சே இல்லை. ஸ்லோ மோஷனில் எண்ணிப் பார்த்தேன், டிவியில் கேம் மோடில் வந்த அதே இருபது சொச்சம். மாட்டும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வழியில் மானிட்டருக்குச் சத்தம் போகாது. பிஎஸ்4 கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் ஓட்டை இருக்கிறது, செட்டிங்ஸில் டிவைசஸ், ஆடியோ டிவைசஸ் போய் எல்லாச் சத்தமும் ஹெட்போனுக்கு என்று மாற்றிவிடுங்கள். இரண்டாவது, மானிட்டர் ரொம்பப் பழசாக இருந்து படம் வராவிட்டால் சிஸ்டம் செட்டிங்ஸில் எச்டிசிபி என்ற, படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டை அணைத்துப் பாருங்கள். அணைத்தால் சினிமா பார்க்கும் சில ஆப்கள் ஓடாது, கேம் ஓடும். பிஎஸ்3-இல் இதை அணைக்க முடியாது, அதனால் எச்டிசிபி தெரியாத பழைய டிவிஐ மானிட்டரில் பிஎஸ்3 கறுப்புத் திரையாகத்தான் நிற்கும்.

மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது. அப்போதும் பெட்டி வேண்டாம். விரல் நீளத்தில் வரும் சாதாரண கன்வெர்ட்டர் போதும். அளவு மாற்றாமல் வந்ததை வந்தபடியே அனலாக்காக மாற்றி அனுப்புவதால் தாமதம் கைக்குத் தெரியாது. ஹெட்போன் ஓட்டையும், தனியாகக் கரன்ட் கொடுக்க யூஎஸ்பி ஒயரும் இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 (கடைசியாக வந்த ‘இ’ மாடல் தவிர) வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், அதற்கு விஜிஏ கேபிளே தனியாக வந்தது. பழைய சாமான் கடைகளில் தேடலாம். பிஎஸ்5 வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் 1440 (2560×1440) மானிட்டருக்கு கன்வெர்ட்டர் வாங்கு என்றிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து பிஎஸ்5-ஏ 1440-ஐ நேரடியாகக் கொடுக்கிறது. ஒன்றும் வாங்க வேண்டாம்.

பணக் கதைக்கு வருகிறேன். முதல் கடையில் எனக்குக் கொடுத்தது பில் இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. இந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். துண்டுச் சீட்டின் போட்டோ, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த நான்கு கோட்டு யூஎஸ்பி முனையின் குளோசப், ஸ்லோ மோஷன் வீடியோ என எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் கடைக்காரரே போன் பண்ணினார். “இதுக்குப் போய் கம்ப்ளெயின்டா தம்பி? நேர்ல வந்திருந்தா பேசித் தீர்த்திருக்கலாமே.” நேரில் வந்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை போல. ஸ்டிக்குக்கான 1,900 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. பெட்டிக்கு மட்டும் முடியாதாம், ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதாம். எந்த ஸ்டிக்கர் என்று கேட்டேன். ‘ஜீரோ லேக்’ என்று போட்டிருந்ததுதான். அந்த 2,600-க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உங்களிடமும் யாராவது இதே பெட்டியை இதே வார்த்தை சொல்லி விற்றிருந்தால், ஸ்டிக்கர் கிழியாமல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.