அப்லோடு குறுகிய இணைப்பு: முன்னுரிமைப் பட்டியலா, எஸ்கியூஎம்மா?

ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ் காட்டும். ஆனால் யாராவது போனிலிருந்து வீடியோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், வீடியோ கால் உறைந்துவிடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த 5 எம்பிபிஎஸ் அப்லோடுதான்.

சரி, முதலில் உறுதி செய்துகொள்வோம். பிங்கை (ஒரு பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, கூடவே ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். 20 மில்லிசெகண்டாக இருந்தது 1,000-ஐத் தொட்டால் மோடமில் வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம். அங்கே தரவு காத்திருக்கும் 1 எம்பி பஃபர் நிரம்பினால், 5 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாகவே 1.6 விநாடி ஆகும். பின்னால் வரும் குரல் பாக்கெட் அதுவரை நிற்க வேண்டியதுதான். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். ‘வந்து சேர்ந்தது’ என்று திருப்பி அனுப்பும் ஒப்புகைகளும் இதே வரிசையில்தானே போகின்றன!

பேக்கப் செயலியிலேயே அப்லோடை 3 எம்பிபிஎஸ் என்று கட்டிப்போடுவது எளிய வழி. இரண்டு நிமிட வேலை. பிரச்சினை ஒரே செயலியால் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் நாலைந்து போன் இருந்தால் கட்டுப்படியாகாது.

ரவுட்டர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் கியூஓஎஸ், அதாவது முன்னுரிமைப் பட்டியல், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மடிக்கணினிக்கு முதலிடம் கொடுத்தால், அதே மடிக்கணினியில் ஓடும் பேக்கப்புக்கும் முதலிடம் கிடைத்துவிடும். செயலி வாரியாகப் பிரிக்கலாம் என்றால், பாதிக்கு மேல் எல்லாம் 443 என்ற ஒரே போர்ட்டில் மறையாக்கத்தோடு போகிறது; எது எந்தச் செயலியுடையது என்று ரவுட்டருக்குப் பிரித்தறிவது கடினம். அதைவிட, வேக வரம்பு கொடுக்காவிட்டால் வரிசை மோடமில் உட்கார்ந்திருக்கும்; ரவுட்டரின் பட்டியலுக்கு அங்கே அதிகாரமே இல்லை.

என் ஓட்டு எஸ்கியூஎம்முக்கு, அதாவது வேக வரம்பு வைத்து வரிசையை ரவுட்டரே தன் கையில் எடுத்துக்கொள்ளும் வசதிக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் கிடைக்கும். அதில் வரிசையை நிர்வகிக்கும் முறைகளான எஃப்கியூ-கோடெல், கேக் இரண்டில் எதுவானாலும் சரி. ஒவ்வொரு இணைப்பையும் தனி வரிசையில் போட்டு மாற்றி மாற்றி அனுப்பும். ஒரு வரிசையில் காத்திருப்பு 5 மில்லிசெகண்டைத் தாண்டி 100 மில்லிசெகண்டுக்கு நீடித்தால் பாக்கெட்டைக் கைவிட ஆரம்பிக்கும். அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். யார் முக்கியம் என்று நாம் சொல்லவே வேண்டாம்.

விலையும் உண்டு. வரம்பை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டியிருப்பதால் சுமார் பத்து சதவீத வேகம் போகும். பொதுவாக வன்பொருள் ஆஃப்லோடை (சிபியுவுக்குப் பதில் தனி வன்பொருளே பாக்கெட்டுகளைக் கடத்தும் வசதி) அணைக்க வேண்டும், அதனால் பழைய ரவுட்டரின் சிபியு திணறலாம். அப்லோடுக்கு மட்டும் போட்டால் அந்தச் சுமையும் பெரிதாகத் தெரியாது. வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் மொபைல் இணைப்பில் நிலையான எண் ஒத்துவராது.

5 எம்பிபிஎஸ்ஸுக்கு 4.5 வைத்துத் தொடங்குங்கள். மறுபடி அதே பிங், அதே கோப்பு. இன்னும் 100-ஐத் தாண்டினால் 4.3.