வாசலில் தடுப்பதா, பேசியபின் வழக்குப் போடுவதா?

சர்ச்சைக்குரிய வெளிநாட்டுப் பேச்சாளர் வரப்போகிறார் என்றால் அரசுக்கு இரண்டு வழிகள்: நாட்டுக்குள் வரவே விடாமல் தடுப்பது, அல்லது பேசவிட்டு, சட்டத்தை மீறினால் வழக்குத் தொடுப்பது.

தடுப்பது சுலபம். ஆனால் பலன்? 2009 பிப்ரவரியில் நெதர்லாந்து எம்.பி. கீர்ட் வில்டர்ஸை ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே பிரிட்டன் திருப்பி அனுப்பியது. அக்டோபரில் தீர்ப்பாயம் தடையை ரத்து செய்ய, அவர் லண்டனுக்கு வந்தே விட்டார். அதே 2009இல் பிரிட்டிஷ் எம்.பி. ஜார்ஜ் கேலோவேயைக் கனடா அனுமதிக்கவில்லை. அவர் நியூயார்க்கில் இருந்தபடி வீடியோ வழியாகக் கனடியர்களிடம் பேசினார்.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. இன்னும் பேசாத பேச்சுக்குத் தண்டனை தருகிறோம். அதுவும் ஓர் அமைச்சரின் கையெழுத்தில். கேட்க விரும்பிய சொந்தக் குடிமக்களும் அதில் சேர்ந்தே தண்டிக்கப்படுகிறார்கள். பெல்ஜிய மார்க்சியர் எர்னஸ்ட் மாண்டலுக்கு விசா மறுத்த வழக்கில், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்பவர்களின் உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனாலும் 6-3 என அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

வழக்கு என்றால் அரசு ஆதாரம் காட்ட வேண்டும், பேச்சாளர் பதில் சொல்லலாம், எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் நடக்கும். சரி, பேச்சைக் கேட்டுக் கும்பல் கல்லெடுத்துவிட்டால்? வழக்கு வருவதற்குள் அடிபட்டவர் அடிபட்டதுதான். அதனால், வன்முறையை நேரடியாகத் தூண்டிய வரலாறு உள்ளவரை மட்டும் தடுக்கலாம் என்பேன். அதற்கும் எழுத்துமூலக் காரணமும் மேல்முறையீட்டு வாய்ப்பும் கட்டாயம் வேண்டும்.