பெரிய டீசல் ஜென்செட்டில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பு: பல ஆயிரம் மணி நேரம் ஓடிய பின் தெரியவருபவை

ஜென்செட்டில், அதாவது டீசலில் ஓடும் மின் ஜெனரேட்டரில், புதிதாகப் பொருத்திய முதல் சில மாதங்களில் எந்தத் தயாரிப்பாளரின் அமைப்பும் நன்றாகத்தான் வேலை செய்யும். கேட்டலிஸ்ட் (புகையில் வேதிமாற்றத்தைத் தூண்டும் பூச்சுள்ள கட்டி) புதிது, ஃபில்டரில் சாம்பல் இல்லை, சென்சார்கள் சரியாகக் காட்டும். வேறுபாடு தெரிவது பல ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகு. டிஓசி (புகையை ஆக்சிஜனேற்றும் கேட்டலிஸ்ட்), டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), எஸ்சிஆர் (யூரியாவால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்) மூன்றும் வரிசையாக உள்ள அமைப்புகளை நெடுநாள் பராமரித்தால் ஒன்று உறுதியாகப் புரியும்: பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம் புகையின் வெப்பநிலை. விலை சொல்வதற்கு முன்பே "என்ஜின் எந்த லோடில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அப்போது டர்போவுக்குப் பின் எத்தனை டிகிரி?" என்று கேட்கும் தயாரிப்பாளரை நம்பலாம். என்ஜினின் கிலோவாட்டை மட்டும் கேட்டுவிட்டு அளவு சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

1000 கிலோவாட் ஜென்செட்டை 200 கிலோவாட்டிலேயே ஓட்டினால் புகை போதிய அளவு சூடாகாது. டிஓசி, புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். பின்னால் உள்ள ஃபில்டரில் தங்கிய கரியை அந்த வாயு மெதுவாக எரிக்கும். இது ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல்தான் தொடங்குகிறது, 300 முதல் 400 வரை நன்றாக நடக்கிறது. ஆக்சிஜனை மட்டும் நம்பினால் 550 முதல் 600 டிகிரி வேண்டும். ஆகவே குறைந்த லோடில் கரி சேர்ந்துகொண்டே போகும். டர்போ முதல் கேட்டலிஸ்ட் பெட்டி வரை குழாய்க்குத் தரமான வெப்பக்காப்பு போடுவது முதல் மருந்து. அது போதாவிட்டால் லோடு பேங்கோ (செயற்கையாக மின் லோடு கொடுக்கும் கருவி) ஃபில்டருக்கு முன் ஹீட்டரோ பர்னரோ தேவை.

கரி நிறைந்த ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டுத் திடீரென முழு லோடு கொடுத்து, உடனே லோடை இறக்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து. கரி பற்றிக்கொள்ளும்; வெப்பத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய புகையோட்டம் அந்த நேரம் பார்த்துக் குறைந்துவிடும். கார்டியரைட் என்ற பீங்கானாலான ஃபில்டர் உருகும் அல்லது விரிசல் விடும். சிலிக்கன் கார்பைடு வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் சூடானால் அதிகம் விரியும். அதனால்தான் அதைத் துண்டுதுண்டாகச் செய்து ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுகள் பிளப்பதைப் பார்க்கலாம். பேக் பிரஷர் (புகை வெளியேறும் வழியிலுள்ள எதிரழுத்தம்) காரணமில்லாமல் ஒரே நாளில் இறங்கினால் மகிழ வேண்டாம், ஃபில்டர் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியேறும் பக்கத்துக் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

பேக் பிரஷரை மாதம் ஒருமுறை ஒரே லோடில், உதாரணமாக 75 சதவீதத்தில், குறித்து வையுங்கள். லோடு மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. வரம்பு, என்ஜின் தயாரிப்பாளர் கொடுத்த எண்தான். புகைக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பொது அட்டவணை அதற்கு மாற்றாகாது. 1 கிலோபாஸ்கல் என்பது சுமார் 102 மில்லிமீட்டர் நீர்மட்டம். கரி எரிந்து முடிந்த பிறகும் அடிப்படை எண் மாதாமாதம் கூடினால் அது சாம்பல். என்ஜின் ஆயிலிலுள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் எரிந்து மிஞ்சுவது அது. எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. சல்ஃபேட் சாம்பல் (ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு) 1 சதவீதத்துக்கு மிகாத ஆயிலைப் பயன்படுத்தினால் ஃபில்டரைக் கழற்றும் இடைவெளி நீளும்.

கழற்றிச் சுத்தம் செய்வதற்கு எடைதான் அளவுகோல். புதிய ஃபில்டரின் எடையை முதல் நாளே பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். பீங்கான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் ஓவனில் உலர்த்தி, சூடு முழுதும் ஆறும் முன் எடை போட வேண்டும். பிறகு வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றால் ஊதி மீண்டும் எடை பாருங்கள். குறையாவிட்டால் சூளையில் வைத்துக் கரியை எரித்துவிட்டு மறுபடி ஊத வேண்டும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நனைந்த சாம்பல் துளைகளுக்குள் இறுகிவிடும், மேற்பூச்சும் கெடும்.

அழுத்த சென்சாரின் சிறு குழாய்களும் அடிக்கடி ஏமாற்றும். சென்சார் மேலேயும் குழாய் ஃபில்டரை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் நீர் திரும்பி வடியும். இந்தச் சரிவைக்கூடப் பார்க்காமல் பொருத்திய அமைப்புகளில் பொய் அலாரத்துக்குக் குறைவே இராது.

எஸ்சிஆர் பகுதியில், சூட்டில் யூரியா தரும் அமோனியாதான் நாக்ஸை, அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகளை, குறைக்கிறது. முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 1 கிலோ நாக்ஸைக் குறைக்க ஏறத்தாழ 0.65 கிலோ யூரியா, அதாவது 32.5 சதவீதக் கரைசலில் சுமார் 2 கிலோ அல்லது 1.84 லிட்டர் தேவை. 1000 கிலோவாட்டில் ஓடும் என்ஜினின் நாக்ஸ், கிலோவாட் மணிக்கு 7 கிராமிலிருந்து 1 கிராமுக்கு இறங்க வேண்டுமானால் மணிக்கு 11 லிட்டர். இதைவிட மிகக் குறைவாகச் செலவானால் நாசில் (தெளிப்பு முனை) அடைத்திருக்கலாம். மிக அதிகமானால் அமோனியா வெளியே போகிறது. கப்பல்களில் 40 சதவீதக் கரைசலும் உண்டு. கண்ட்ரோலரில் எந்தக் கரைசல் என்று அமைத்திருக்கிறார்கள் எனப் பாருங்கள்: 40க்கு அமைத்ததில் 32.5 ஊற்றினால் யூரியா 19 சதவீதம் குறையும், மாற்றி ஊற்றினால் 23 சதவீதம் கூடும். வாங்கிய 32.5 சதவீதக் கரைசலை ரிஃப்ராக்டோமீட்டரில் (செறிவைக் காட்டும் கருவியில்) சோதியுங்கள், 31.8 முதல் 33.2 சதவீதம் வரை சரி. டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பாலிஎத்திலீனிலோ இருக்கட்டும். செம்பு, பித்தளை, கால்வனைஸ் குழாய்கள் கூடாது; கரைந்த உலோகம் கேட்டலிஸ்டுக்கு நஞ்சு. உர யூரியாவைக் கலக்கிப் பயன்படுத்தவே கூடாது.

மிக்சரில் (யூரியாவைப் புகையோடு கலக்கும் பகுதியில்) வெள்ளைக் கல் படிவது குறைந்த வெப்பத்தில் யூரியா தெளிப்பதால். யூரியாவிலிருந்து முதலில் பையூரெட், பிறகு சயனூரிக் அமிலம் என்ற சேர்மங்கள் உருவாகும். பின்னது குளிர்ந்த நீரில் கரையவே மாட்டேன் என்னும். 350 டிகிரிக்கு மேல்தான் சிதையும். சென்சார் காட்டுவது புகையின் வெப்பம், துளி விழும் சுவர் அதைவிடக் குளிர்ந்தது. எனவே தெளிப்புத் தொடங்கும் வெப்பநிலையை "நாக்ஸ் இன்னும் நன்றாகக் குறையட்டும்" என்று இறக்கி வைப்பது கல்லை வரவேற்பதுதான். என்ஜினை நிறுத்தியபின் பம்ப் குழாயைக் காலி செய்யும் வரை பேட்டரி சுவிட்சைத் தொடாதீர்கள். மிஞ்சிய யூரியா நாசிலுக்குள் படிகமாக இறுகும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு சுழல் உண்டு. நாக்ஸ் சென்சார் அமோனியாவையும் நாக்ஸாகவே படிக்கும். அமோனியா கசிந்தால் எண் கூடும். கண்ட்ரோலர் இன்னும் யூரியா கொட்டும். கசிவு இன்னும் கூடும். சோதனை எளிது: நிலையான லோடில் தெளிப்பைக் கொஞ்சம் குறையுங்கள். வெளிப்புற எண் இறங்கினால் அது அமோனியா, ஏறினால் உண்மையான நாக்ஸ். இதற்குப் பயனர் கையில் தெளிப்பு அளவும் பதிவுகளும் இருக்க வேண்டும். அவற்றைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டி, ஒவ்வொரு முறையும் ஆளை அனுப்பும் தயாரிப்பாளரைத் தவிர்ப்பதே நல்லது. ஓட்டுபவருக்கு அந்தப் பதிவு உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் எந்த வகை என்றும் கேளுங்கள். வெனேடியம் கந்தகத்தைத் தாங்கும், ஆனால் 550 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. பர்னரால் கரியை எரிக்கும் ஃபில்டருக்குப் பின்னால் அதை வைப்பது தவறான தேர்வு. செம்பு ஜியோலைட் வெப்பத்தைத் தாங்கும். கந்தகம் மிகுந்த டீசலில் மந்தமாகிவிடும், மீட்க 500 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கேட்டலிஸ்ட் கட்டிகளை ஃபிளாஞ்சை (குழாய் இணைப்பு விளிம்பை) அறுக்காமல் எடுக்கும் அளவுக்குக் கதவும், முன்னும் பின்னும் மாதிரி எடுக்கும் துளைகளும் பெட்டியில் இருக்கின்றனவா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

டிஓசியின் முகப்பில் கரி மூடியிருந்தால் ஊதிச் சரிசெய்யலாம். கண்ணாடிபோல் சாம்பல் நிறப் படலம் இருந்தால் அது ஆயிலின் பாஸ்பரஸ். பட்டறையில் எப்படிச் சுத்தம் செய்தாலும் பழைய திறன் திரும்பாது. புதியதை மாட்டுமுன் டர்போவின் ஆயில் சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங் மூன்றையும் பார்த்து, ஆயில் குடிப்பதை நிறுத்திய பிறகே மாட்டுங்கள்.