32 செல் பிரெயில் நோட்டேக்கர்: எட்டு ஆண்டுக்குப் பின், ஒரு செல் மாற்றிய கையோடு

பிரெயில் நோட்டேக்கர் என்பது பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் கையடக்கக் கணினி; ஒரு எழுத்துக்கான புள்ளிகள் எழும் இடம் ஒரு செல். எட்டு ஆண்டாக நான் வைத்திருக்கும் இதே மாடல் பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று தேவகோட்டை அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இது.

முதலில் பழுதைச் சொல்லிவிடுகிறேன். என் கருவியில் 11-வது செல்லில் ஆறாம் புள்ளி எழவில்லை. தமிழ் வாசிப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. பிரெயிலில் ழ என்பது 1-2-3-5-6 ஆகிய புள்ளிகள். ஆறு எழாவிட்டால் 1-2-3-5 நிற்கும், அது ர. அந்த இடத்தில் வரும் 'கோழி' விரலுக்குக் 'கோரி', 'பழம்' 'பரம்'. தப்பு என்றே தெரியாமல் வாசித்துக்கொண்டு போவோம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: சமக்குறியை (=) 32 முறை தட்டி பி.ஆர்.எஃப். (புள்ளிகளை அப்படியே வைக்கும் பிரெயில் கோப்பு) ஆகச் சேமித்து, பிரெயில் மொழிபெயர்ப்பு இல்லாமல் திறங்கள். அந்தக் கோப்பில் சமக்குறி என்றால் ஆறு புள்ளியும். ஒவ்வொரு செல்லிலும் ஆறு புள்ளியும் எழ வேண்டும். எழாத இடம் விரலில் பள்ளமாகத் தட்டும்.

பெரும்பாலும் காரணம் அழுக்கு. கந்தரப்பம் தின்ற கையோடு வாசித்தால் எண்ணெய் ஊசியைச் சுற்றிப் படியும், காரைக்குடிப் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். கருவியை அணைத்துவிட்டு, பஞ்சு பிரியாத துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து வரிசையோடு துடையுங்கள்; மேலே ஊற்றக் கூடாது. அப்படியும் எழாவிட்டால் உள்ளே வளைந்து ஊசியைத் தூக்கும் பீசோ பட்டை போய்விட்டது என்று பொருள். செல்லையே மாற்ற வேண்டும், சென்னைக்கு பார்சல்தான்.

செல் மாற்றியதும் வரிசை புதுசு போல இருக்கிறது. அதனால்தான் கோபமே வருகிறது. விரலுக்கடியில் இருப்பது இன்னும் பல ஆண்டு உழைக்கும். உள்ளே இருப்பதோ ஆண்ட்ராய்டு 4.4. வாட்ஸ்அப் 2023 அக்டோபரோடு அதைக் கைவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள தளங்களில் பலவும் 2024 செப்டம்பருக்குப் பிறகு அதில் திறப்பதில்லை, ஏனென்றால் புதிய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவற்றில் இல்லை. ஜிமெயிலுக்குக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போட வேண்டும். வழக்கமான பாஸ்வேர்டை ஏற்காது. பேட்டரி முழுதாக இறங்கித் தேதி பழையதாகிவிட்டால் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும். முதலில் தேதியைப் பாருங்கள், வைஃபையைக் குறை சொல்லாதீர்கள்.

எதிர்பாராத சந்தோஷம் டெர்மினல் மோடு, அதாவது கருவியைக் கணினியோடு இணைத்து அதன் பிரெயில் திரையாக மட்டும் பயன்படுத்துவது. அதில் கருவி புள்ளிகளைத் தூக்குவதோடு சரி. எழுத்தைப் பிரெயிலாக மாற்றுவது கணினியில் உள்ள என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான். ஆகவே எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும், கருவிக்குள் இருக்கும் தமிழ் அட்டவணை எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை. என்.வி.டி.ஏ. புதுப்பிக்கும்போது அது பயன்படுத்தும் லிப்லூயி என்ற பிரெயில் மொழிபெயர்ப்பு மென்பொருளின் அட்டவணையும் புதிதாகிறது. என்.வி.டி.ஏ. விசையோடு கன்ட்ரோல், ஏ அழுத்தினால் டிஸ்பிளே தேர்வு வரும். பிரெயில் அமைப்பில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றுங்கள். புளூடூத் பிடிவாதம் பிடித்தால் இரு பக்கமும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் சேராது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் திறங்கள்.

இத்தனை புகழ்ந்தும் சொல்கிறேன், அண்ணே, வாங்காதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, 2018-இல் வந்த ஹெச்.ஐ.டி. பிரெயில் தரத்தை (பிரெயில் கருவிகள் கணினியோடும் போனோடும் பேசும் பொதுத் தரம்) ஏற்கும் வெறும் டிஸ்பிளே, அதாவது புள்ளி வரிசை மட்டும் உள்ள கருவி, வாங்குங்கள். மூளை வேலையைப் போன் பார்த்துக்கொள்ளட்டும், போனை மாற்றிக்கொள்ளலாம். மனசு கேட்காமல் வாங்கித்தான் தீருவேன் என்றால், பணம் கொடுக்குமுன் அந்தச் சமக்குறிக் கோப்பை மெமரி கார்டில் எடுத்துப் போய்த் திறந்து, 32 செல்லையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். பின்மூடி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் லித்தியம் பேட்டரி கெட்டுவிட்டது, சார்ஜில் போடவே போடாதீர்கள்.