நாற்காலி எப்போது பறிபோகும்? – ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ மதிப்புரை

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு கால்பந்து கிளப் தன் மேலாளரிடம் எவ்வளவு காலம் பொறுமை காட்டலாம் என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ என்ற கணினி விளையாட்டில் பலவீனமான ஓர் அணியை எடுத்து ஒரு சீசனை ஓட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, சேகா நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டில் பந்தை உதைக்கும் வேலை நமக்கு இல்லை. வீரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியைத் திட்டமிடுவது, ஆட்ட உத்தியை வகுப்பது, பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக நிர்வாகக் குழுவின் முன் தலைகுனிந்து நிற்பது ஆகியவையே நம் வேலை. வீரர் சந்தையையும் ஆட்ட உத்திகளையும் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால், நிர்வாகக் குழு மேலாளரை எடைபோடும் பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேலையில் சேர்ந்தவுடனேயே கிளப் தன் எதிர்பார்ப்புகளை எழுத்தில் வைத்துவிடுகிறது. இந்த சீசனில் எந்த இடத்தில் முடிக்க வேண்டும், இளம் வீரர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டுமா, ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் கிளப் எங்கே இருக்க வேண்டும் என்பன ஒவ்வொன்றும் அதனதன் முக்கியத்துவத்துடன் பட்டியலில் இருக்கும். அதன்பின் நம் செயல்பாட்டுக்கு ஏ, பி போன்ற எழுத்துகளில் மதிப்பெண் போடப்படுகிறது. ரசிகர்களின் நம்பிக்கை தனிப் பக்கத்தில் வருகிறது. நிலைமை மோசமானால் நிர்வாகம் கூட்டத்துக்கு அழைக்கிறது. அங்கே வாக்குவாதம் செய்யலாம், கெஞ்சலாம், அல்லது அடுத்த ஐந்து ஆட்டங்களில் இத்தனை புள்ளிகள் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்து வாய்தா வாங்கலாம்.

நான் எடுத்துக்கொண்டது பர்ன்லி என்ற இங்கிலாந்து கிளப். தற்செயலான தேர்வு அன்று. பொறுமையின் நன்மை தீமை இரண்டையும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய கிளப்புகள் இங்கிலாந்தில் அதிகம் இல்லை. 2012 அக்டோபரில் மேலாளராகப் பொறுப்பேற்ற ஷான் டைஷ் அணியை இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு உயர்த்தினார். 2014-15 சீசனில் அணி கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. பல கிளப்புகள் அந்த இடத்தில் ஆளை மாற்றியிருக்கும். பர்ன்லி மாற்றவில்லை. அடுத்த சீசனிலேயே ‘சாம்பியன்ஷிப்’ எனப்படும் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்த அணி, 2017-18 சீசனில் பிரீமியர் லீக்கில் ஏழாம் இடத்தைப் பிடித்து, ஐரோப்பியப் போட்டியின் தகுதிச் சுற்றுவரை சென்றது. பிறகு 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்களே மீதமிருந்த நிலையில், அதே டைஷ் வெளியேற்றப்பட்டார். இடைக்காலப் பொறுப்பேற்ற மைக் ஜாக்சனின் கீழ் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒரு சமன்; முடிவு சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மீதி நான்கு ஆட்டங்களில் கிடைத்ததோ ஒரே ஒரு புள்ளி. கடைசி நாளில் அணி இறங்கியது.

புதிய ஆள் வந்ததும் வரும் இந்தத் துள்ளல்தான் பணிநீக்கம் செய்யும் நிர்வாகிகளுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய சாட்சி, அதுவே மிகவும் நம்பத்தகாத சாட்சியும்கூட. டச்சு முதல்நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், மேலாளரை மாற்றிய அணிகள் சரிவிலிருந்து மீண்டது உண்மைதான் என்றும், அதே அளவு சரிந்து மேலாளரை மாற்றாமல் இருந்த அணிகளும் ஏறக்குறைய அதேபோல் மீண்டன என்றும் தெரியவந்தது. தொடர்ந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து என்றாவது ஒருநாள் உள்ளே போகத்தான் செய்யும். அன்றைக்கு ஓரக்கோட்டருகே நிற்கும் மேலாளரின் பெயரில் அது எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த உண்மையை விளையாட்டு நமக்குக் காட்டுகிறது, ஆனால் தன் நிர்வாகக் குழுவுக்குக் காட்ட மறுக்கிறது. தரவு மையம் என்ற பகுதியில், நம் அணி உருவாக்கிய வாய்ப்புகளின் தரத்தின்படி எத்தனை கோல்கள் எதிர்பார்க்கலாம், எத்தனை விழுந்தன என்பதையெல்லாம் வரைபடங்களாகப் பார்க்கலாம். நன்றாக ஆடித் தோற்கிறோமா, ஆடத் தெரியாமல் தோற்கிறோமா என்பது அங்கே கண்கூடாகத் தெரியும். நிர்வாகத்தின் மதிப்பெண் அட்டையில் இதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது. முடிவுகள், நிதிநிலை, வீரர் பரிமாற்றம், உடைமாற்றும் அறையின் மனநிலை, தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்குகள் ஆகியவையே கணக்கில் வருகின்றன. இதைக் குறை என்பதா, நிஜத்தை அப்படியே படம்பிடித்த திறமை என்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை. நிஜத்திலும் பல நிர்வாகக் குழுக்கள் புள்ளிப் பட்டியலைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை என்பதால், திறமை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியும் இந்த விளையாட்டில் உண்டு என்பதால் சென்னையின் எஃப்.சி.யையும் எடுத்து ஆடலாம். அங்கே நிர்வாகத்தின் பொறுமைக்கு வேறொரு கணக்கு இருப்பது புரியும். 2017-18 சீசனில் கோப்பையை வென்று தந்த மேலாளர் ஜான் கிரெகரியின் அணி, அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் 9 புள்ளிகள் எடுத்துக் கடைசி இடத்தில் முடிந்தது. கிளப் அவரை வைத்துக்கொண்டது. ஐ.எஸ்.எல்.லில் அப்போது கீழிறக்கம் என்பதே கிடையாது. கடைசியாக வந்தாலும் அடுத்த ஆண்டும் அதே மேடைதான். அந்தப் பொறுமைக்கு விலை குறைவு என்று சொல்ல வேண்டும். ஆனால் 2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் கிரெகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் வந்த ஓவன் காயில், அதே அணியை அரையிறுதிக்கும் அங்கிருந்து இறுதி ஆட்டத்துக்கும் அழைத்துச் சென்றார். கோவாவில் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள்.

இதைப் பணிமாற்றத்தின் வெற்றி என்றே பலரும் சொல்வார்கள். அந்த சீசனில் 15 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பெற்ற வால்ஸ்கிஸும், நடுக்களத்தை ஆண்ட கிரிவெல்லாரோவும் கிரெகரி பொறுப்பில் இருந்தபோதே அணிக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஒருவர் சேர்த்த வீரர்களை இன்னொருவர் ஆடவைத்தார். கிரெகரியிடம் பொறுமை காட்டியது தவறு என்று நான் நினைக்கவில்லை. கிளப் அவரைப் பிரிந்ததும் தவறில்லை. கோல் அடிக்கும் வழியே தெரியாமல் ஓர் அணி தவிக்கும்போது, கடந்த காலக் கோப்பையைக் காட்டிக் காலம் தள்ள முடியாது.

பொறுமையை ஆதரிப்பவர்கள் எப்போதும் தூக்கிப் பிடிக்கும் உதாரணம் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர் முதல் கோப்பையை 1990 மே மாதத்தில்தான் தொட்டார் என்பது உண்மையே. ஆனால் பொறுமை காட்டப்பட்டு எதுவும் சாதிக்காமல் போன மேலாளர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை என்பதால், அந்த ஒரு பெயர் எதையும் நிரூபிப்பதில்லை. அதே கிளப், 2024 ஜூலையில் மேலாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபர் முடிவதற்குள் அவரை வெளியேற்றியது. அது பொறுமையும் அல்ல, கண்டிப்பும் அல்ல. முடிவெடுக்கத் தெரியாத தடுமாற்றம். (விளையாட்டில் இந்தக் கிளப் பெயர் உரிமைச் சிக்கலால் ‘மேன் யு.எஃப்.சி.’ என்றுதான் வரும். முதலில் பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.)

இவ்வகைத் தடுமாற்றத்தை விளையாட்டில் அனுபவிக்க வழியில்லை என்பதே என் பெரிய வருத்தம். நாம் எப்போதும் மேலாளர் நாற்காலியில்தான் அமர்கிறோம். தலைவர் நாற்காலியில் அமர்ந்து, இழப்பீட்டுத் தொகையையும் ரசிகர்களின் கூச்சலையும் இறங்கினால் இழக்கப்போகும் தொலைக்காட்சி வருமானத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இடமில்லை. ஓரளவு ஈடாக ஒன்று உண்டு: பணிநீக்கம் செய்யப்பட்டாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. வேலையில்லாமல் இருந்துகொண்டே, நம்மை அனுப்பிய கிளப் அடுத்து வந்தவரின் கீழ் என்ன ஆகிறது என்று வாரம் வாரம் பார்க்கலாம். அந்த வன்மம் கலந்த காத்திருப்பு தரும் சுவை வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. தோற்றதும், முன்பு சேமித்து வைத்த கட்டத்தைத் திறந்து அதே ஆட்டத்தை மீண்டும் ஆடுபவர்களுக்கு இது கிட்டாது.

நிஜ பர்ன்லி 2023-24 சீசனில் 24 புள்ளிகளுடன் 19-ஆம் இடத்தில் முடிந்து இறங்கியது. சீசன் முழுவதும் மேலாளர் வின்சென்ட் கொம்பனியை நிர்வாகம் தொடவில்லை. இறங்கிய சில வாரங்களிலேயே ஜெர்மனியின் பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக் அவரை அழைத்துச் சென்று, அடுத்த ஆண்டு ஜெர்மன் லீக்கை வென்றது. பர்ன்லியோ ஸ்காட் பார்க்கரின் கீழ் 100 புள்ளிகளுடன் மீண்டும் மேலே வந்தது. இறங்கிய அணியின் மேலாளரிடம் பேயர்ன் எதைப் பார்த்ததோ, அதைப் பார்க்கும் கண் இந்த விளையாட்டின் எந்த நிர்வாகக் குழுவுக்கும் இல்லை. பெரிய கிளப்புகளின் கதவு இங்கே நற்பெயருக்கும் கோப்பைகளுக்குமே திறக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆட்டத்தைக் காட்டும் முப்பரிமாணக் காட்சி சுமார்தான். பத்திரிகையாளர் சந்திப்புகள் சீக்கிரமே அலுத்துவிடும். அவற்றுக்கு நமக்குப் பதிலாகத் துணைப் பயிற்சியாளரை அனுப்பிவிடலாம். பல நாட்டு லீக்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் சாதாரண மடிக்கணினி திணறும் என்பதால், தொடக்கத்தில் இரண்டு மூன்று லீக்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2025 பதிப்பு கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வந்த 2026 பதிப்பு மகளிர் கால்பந்தையும் பிரீமியர் லீக்கின் உரிமத்தையும் கொண்டுவந்தாலும், அதன் திரை அமைப்பைப் பற்றிப் பலத்த விமர்சனம் எழுந்ததால் பலர் 2024 பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதியதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள், எந்தப் பதிப்பானாலும், வெற்றிபெறும் அணியை விட்டுவிட்டு அட்டவணையின் அடியில் கிடக்கும் ஓர் அணியை எடுத்து, நிர்வாகத்திடம் தரும் முதல் வாக்குறுதியில் மட்டும் புள்ளிகளைக் குறைவாகவே சொல்லி வைக்கவும்.