வாசிப்புப் பயிற்சி அட்டைப் பெட்டி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள ஒன்பது மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வாசிப்பு வகுப்பு எடுத்து வருகிறேன். அந்த வகுப்புக்காக வாங்கிய தமிழ்ப் பயிற்சி அட்டைப் பெட்டி ஒன்றை ஆறு மாதம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். தயாரிப்பின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இதே வகையைச் சேர்ந்த வேறு பயிற்சி நூல்களிலும் நான் கண்டவை. ஒன்றின் பெயரை மட்டும் சொல்லிக் குறை கூறுவது முறையாகாது.

பெட்டியில் அறுபது அட்டைகள் இருக்கின்றன. கதை, தகவல், வாதம் என்று மூன்று நிறங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் ஒரு சிறு பத்தியும், பின்பக்கத்தில் ஆறு கேள்விகளும் அச்சிடப்பட்டுள்ளன. உடன் ஆசிரியருக்கான கையேடு ஒன்றும் கைபேசிச் செயலி ஒன்றும் வருகின்றன. அச்சு தெளிவாக இருக்கிறது. எழுத்துப்பிழை இரண்டே இடங்களில்தான் கண்ணில் பட்டது. சிறுவர் நூல்களில் இன்றைக்கு இது அரிது.

இத்தகைய பயிற்சி எதுவானாலும் முதலில் நான் செய்வது ஒரே ஒரு சோதனைதான். பத்தியைக் காட்டாமல் கேள்விப் பக்கத்தை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துவிடுவேன். இந்தப் பெட்டியின் தகவல் அட்டை ஒன்றில், 'மரங்களை வெட்டுவதால் ஏற்படும் தீமைகள் யாவை?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஒன்பது பேரில் ஏழு பேர் பத்தியைப் பார்க்காமலேயே முழு மதிப்பெண்ணுக்கு உரிய விடையை எழுதிவிட்டார்கள். அப்படியென்றால் அந்தக் கேள்வி அவர்களுக்கு முன்பே தெரிந்ததைத்தான் அளக்கிறது, வாசிப்பை அளக்கவில்லை. வாசிப்புத் தேர்வுகளை ஆராய்ந்தவர்கள் இந்தக் கோளாறை நெடுங்காலமாகவே சுட்டிக்காட்டி வருகிறார்கள். இருந்தும், மாணவனின் கண்ணைப் பத்திக்குத் திருப்பி அனுப்பாத கேள்விகள் இந்தப் பெட்டியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கின்றன. அவற்றுள் மிகப் பல தகவல் அட்டைகளிலேயே உள்ளன.

கதை அட்டைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. பெட்டியை வாங்கியதற்கு நான் வருந்தாததற்கு அவையே காரணம். ஓர் அட்டையில் தாய் ஒருத்தி அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுக்கிறாள்; சற்று நிற்கிறாள்; ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துகிறாள். 'ஏன் திரும்ப வைத்தாள்?' என்பது கேள்வி. 'அது அழுக்காக இருந்தது' என்று ஒருவன் எழுதினான். 'பசி இல்லை' என்றாள் ஒருத்தி. 'அழுக்குத் தட்டை யாராவது மறுபடியும் அலமாரியிலேயே வைப்பார்களா டீச்சர்?' என்று இன்னொருவன் மறுத்தான். அடுத்த கேள்வி, விடைக்கு ஆதாரமான வரியை அடிக்கோடிடச் சொல்கிறது. அப்போதுதான் ஒரு சிறுமி, பத்தியின் தொடக்கத்தில் யாருமே பொருட்படுத்தாமல் கடந்துபோன ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்: 'வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டுமே கிடந்தது.' வீட்டில் இன்னொருவர் இப்போது இல்லை என்பதும், அது இன்னும் தாயின் கைக்குப் பழகவில்லை என்பதும் அதன் பிறகே வகுப்புக்குப் புரிந்தது. மூன்று வரிகளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம்கூட வீண் போகவில்லை. 'எந்த வரியில் கண்டாய்?' என்ற இந்தத் துணைக்கேள்வி எல்லாக் கதை அட்டைகளிலும் இருக்கிறது. தகவல் அட்டைகளில் ஏனோ இதைச் சேர்க்கவில்லை.

அந்த வரியில் உள்ள 'மட்டுமே' என்ற சொல்லைப் பற்றி அட்டையில் ஒரு கேள்வியும் இல்லை. என் பெரிய மனக்குறை இதுதான். கேள்விகளின் அமைப்பைப் பார்த்தால், நான்காம் வகுப்பு மாணவர்களின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளந்துவரும் பிர்ல்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வின் படிநிலைகளைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. வெளிப்படையாக உள்ளதை எடுத்தல், உய்த்துணர்தல், கருத்துகளை இணைத்துப் பொருள் கொள்ளுதல், எழுதியதை மதிப்பிடுதல் என்பவை அந்த நான்கு படிகள். படிகளின் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அந்தப் படிகளில் ஏறும் மாணவன் வாசிப்பது தமிழை. தமிழில் எழுதுகிறவரின் மனநிலை பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்தில்தான் ஒளிந்திருக்கிறது. 'கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள்', 'இருபது பேரே வந்தார்கள்', 'இருபது பேரும் வந்தார்கள்', 'இருபது பேராவது வந்தார்களே' என்ற நான்கு வாக்கியங்களிலும் எண் ஒன்றுதான். முதலாவதில் வெறும் செய்தி இருக்கிறது. இரண்டாவதில் ஏமாற்றமும், மூன்றாவதில் ஒருவரும் விடுபடவில்லை என்ற நிறைவும், நான்காவதில் தேற்றிக்கொள்ளும் மனமும் இருக்கின்றன. 'பேரே' என்பதில் உள்ள பிரிநிலை ஏகாரம், 'பேரும்' என்பதில் உள்ள முற்றும்மை என்ற பெயர்களை இந்த மாணவர்கள் இலக்கணத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வாசிக்கும்போது அந்த அறிவு அவர்கள் கைக்கு வருவதே இல்லை. இரண்டையும் இணைத்திருக்க வேண்டியது இதைப் போன்ற ஒரு பெட்டிதான்.

பெயரெச்சத் தொடர்களிலும் இதே நிலைதான். 'தம்பி உடைத்த பொம்மையை ஒட்டிக்கொடுத்த அண்ணனைத் திட்டிய பாட்டி பிறகு வருந்தினாள்' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, பாட்டி யாரைத் திட்டினாள் என்று கேட்டேன். ஐந்து பேர் 'தம்பியை' என்றார்கள். உடைத்தவன்தானே திட்டு வாங்க வேண்டும் என்ற உலக நியாயத்தை வைத்து அவர்கள் விடை சொன்னார்கள். வாக்கியத்தைக் கடைசிவரை தொடரவில்லை. யார், யாரை, எதை என்று ஒவ்வொரு வினைக்கும் அம்புக்குறி போட்டுக் காட்டிய பிறகு, பாட்டி ஏன் வருந்தினாள் என்பதையும் அவர்களே சொன்னார்கள். தகவல் அட்டைகளில் இதைவிட நீளமான தொடர்கள் பல வருகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. எழுவாயே இல்லாமல் வினைமுற்றின் விகுதியைக் கொண்டு ஆளை அடையாளம் காண வேண்டிய இடங்களும் அப்படியே கண்டுகொள்ளப்படாமல் விடப்பட்டிருக்கின்றன.

தகவல் அட்டைகளின் இன்னொரு குறை, அவற்றின் பொருள் சிதறிக் கிடப்பது. எரிமலையை அடுத்து அச்சு இயந்திரம், அதை அடுத்துத் தேனீ என்று ஒவ்வோர் அட்டையும் ஒவ்வொரு திசையில் ஓடுகிறது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் செய்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதைச் சிறப்பாக நினைவுகூர்ந்தார்கள். வாசிப்புத் திறனைப் பொருளறிவிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக வளர்த்துவிட முடியாது என்பதை அந்த ஆய்வு நன்றாகக் காட்டியது. தேனீயைப் பற்றியே நான்கு அட்டைகள் அடுத்தடுத்து இருந்திருந்தால், முதல் அட்டையில் திணறிய சொற்கள் நான்காவது அட்டையில் துணையாக வந்திருக்கும். நானே இப்போது ஒவ்வோர் அட்டைக்கும் முன்னும் பின்னும் வேறு கட்டுரைகளைத் தேடி இணைத்துக்கொள்கிறேன். அதற்காகும் நேரத்தைக் கணக்கில் கொண்டே இதை வாங்க வேண்டும்.

வாத அட்டைகள் சுமார். கருத்தையும் உண்மைச் செய்தியையும் பிரித்தறியச் சொல்லும் கேள்விகள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் பத்திகளில் எதிர்த்தரப்பு எப்போதும் பலவீனமாகவே பேசுகிறது. எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பது இரண்டாவது வரியிலேயே மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆசிரியர் கையேட்டை முதலில் அலட்சியமாகவே புரட்டினேன். அது என் தவறு. பாலின்சர், பிரவுன் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்த ஒரு குழுப் பயிற்சியை அது படிப்படியாக விளக்குகிறது. மாணவர்கள் முறைவைத்து ஆசிரியராகிறார்கள். ஒரு பகுதியை வாசித்ததும் அதைச் சுருக்கிச் சொல்லுதல், அதிலிருந்து கேள்வி கேட்டல், புரியாத இடத்தைத் தெளிவாக்குதல், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல் ஆகிய நான்கையும் அவர்களே நடத்துகிறார்கள். நூலைப் பயிலும் முறையைச் சொல்லும்போது வினாதலையும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் நன்னூல் வரிசைப்படுத்தியிருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் மிகவும் கடினமாக இருந்தது கேள்வி கேட்பதுதான். முதல் மாதம் முழுவதும் 'அவர் பெயர் என்ன?', 'எந்த ஊர்?' என்ற கேள்விகளே வந்தன. மூன்றாம் மாதத்தில் ஒருவன், 'இதைச் சொல்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?' என்று கேட்டான். அட்டையில் அச்சிட்டிருந்த ஆறு கேள்விகளையும்விட அது மேலானது.

செயலியைத் தவிர்த்துவிடுங்கள். அது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட சில சொற்களைத் தேடித்தான் விடையைத் திருத்துகிறது. 'தனிமை' என்ற சொல் இல்லை என்பதற்காக, 'அவளோடு சாப்பிட இனி யாரும் இல்லை' என்று எழுதிய மாணவியின் விடையைத் தவறு என்று சிவப்பில் காட்டியது. பத்தியில் உள்ள சொற்களை அப்படியே பெயர்த்தெழுதியவனுக்குப் பச்சை கிடைத்தது. தயாரிப்பாளருக்கு இதைக் குறித்து இரண்டு முறை எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரே வாசகத்தில் இரண்டு பதில்கள் வந்தன.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் குழந்தைக்கு இந்தப் பெட்டி பயன்படாது. கஃப், டன்மர் ஆகியோர் 1986-இல் முன்வைத்த எளிய விளக்கத்தின்படி, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம்தான். அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது சரளமாக வாசிக்கும் பழக்கம். அதே பத்தியை வாசித்துக் காட்டி வாய்மொழியாகக் கேட்டால் நன்றாக விடை சொல்கிறதா என்று பார்த்தாலே, எந்தப் பக்கத்தில் இடறுகிறது என்பது தெரிந்துவிடும். சரளமாக வாசித்தும் 'என்ன வாசித்தாய்?' என்று கேட்டால் விழிக்கும் மாணவர்களுக்கே இது உரியது. அவர்களுக்கும் உடன் ஒருவர் உட்கார்ந்தால்தான் பலன் உண்டு.

கடைசியாக ஒரு சிறிய எரிச்சல். விடைகளைத் தனியாகக் கொடுக்காமல், கேள்விகளுக்குக் கீழேயே சிறிய எழுத்தில் தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்கள். தலைகீழாக வாசிப்பதில் என் மாணவர்கள் ஒன்பது பேரும் இரண்டே வாரத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். அறுபது அட்டைகளிலும் அந்த இடத்தில் தாள் ஒட்டி மறைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. ஒட்டிய தாளின் மேல் இப்போது அவர்கள் தங்கள் சொந்தக் கேள்விகளை எழுதி வைக்கிறார்கள். பத்தியைப் பார்க்காமல் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி என்றால் அழித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி.